கம்பி கட்டினால் கிரெடிட்; கேள்வி கேட்டால்?

எங்கள் ஊர் இரவுப் பாடசாலையில் நான் சொல்லிக்கொடுத்த பையன் ஒருவன், 2025 மே மாதம் வந்த பத்தாம் வகுப்பு முடிவில் கணக்கிலும் ஆங்கிலத்திலும் தேறவில்லை. மறுநாள் காலையே அப்பாவோடு கம்பி கட்டப் போய்விட்டான். துணைத் தேர்வு எழுதச் சொல்லி இரண்டு முறை வீட்டுக்குப் போனேன். "பாக்கலாம்ணா" என்றான். அந்தப் "பாக்கலாம்" என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று சேரிகளில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இதே பையன்தான் அதற்கு ஆறு மாதம் முன்பு என்னிடம், "அண்ணா, நம்ம தெருவுக்கு மட்டும் ஏன் காலனின்னு பேரு?" என்று கேட்டவன். நான் சொன்ன பதில் அவனுக்குப் போதவில்லை. பாட்டியிடம் கேட்டான், பாட்டியின் அண்ணனிடம் கேட்டான். மனைப் பட்டா யாருக்கு எப்போது கிடைத்தது, தெருக்குழாய் எந்த ஆண்டு வந்தது, பேருந்து நிறுத்தம் ஏன் ஊர்த்தெரு முனையோடு நின்றுவிட்டது என்று பதினோரு பக்கம் எழுதினான். அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தபோது, அந்தச் சொல்லின் எங்கள் ஊர்க் கதை அந்த நோட்டில் ஏற்கெனவே இருந்தது.

என் ஆய்வுத் துறையில் இதற்குப் பெயர் வாய்மொழி வரலாறு. நான் செய்தால் முனைவர் பட்டத்துக்கு உதவும். அவன் செய்தால் எதற்கும் உதவாது. இந்த இடைவெளியைப் பற்றித்தான் பேச விரும்புகிறேன்.

ஒன்றிய அரசு 2023இல் தேசியக் கிரெடிட் கட்டமைப்பை வெளியிட்டது. ஐந்தாம் வகுப்பு முதல் முனைவர் பட்டம் வரை எல்லாக் கற்றலையும் ஒரே அளவுகோலில் அளக்கும் ஏற்பாடு இது. 30 மணி நேரக் கற்றல் ஒரு கிரெடிட். ஆண்டுக்கு 1200 மணி நேரம், 40 கிரெடிட். வகுப்பறைப் பாடம் மட்டுமல்ல. தொழிற்பயிற்சி, விளையாட்டு, பணி அனுபவம் எல்லாவற்றையும் மதிப்பிட்டுச் சேர்த்துக்கொள்ளலாம். விட்ட இடத்தில் தொடரலாம். ஏட்டில் வரலாறும் வெல்டிங்கும் சமம்.

ஏட்டை மூடிவிட்டுத் தெருவுக்கு வாருங்கள். படிப்பை விட்ட பிள்ளைக்கு முன்னால் எந்தக் கதவுகள் திறந்திருக்கின்றன? எட்டாம் வகுப்பு முடித்தவருக்கு ஐடிஐயில் சில தொழிற்பிரிவுகள் உண்டு. குறுகிய காலத் திறன் பயிற்சிகள் உண்டு. அவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் தம்பிகள் பலர் அவற்றால்தான் சாப்பிடுகிறார்கள். ஆனால் வரலாற்றையோ அரசியலையோ சமூகவியலையோ தொட விரும்பும் பிள்ளைக்கு அப்படி ஒரு சிறிய கதவு எங்கே? அவன் மறுபடியும் கணக்கையும் ஆங்கிலத்தையும் தாண்டி, பதினொன்றாம் வகுப்பில் மூன்றாம் குரூப்புக்கு வந்துதான் சேர வேண்டும். அங்கும், "மார்க் வராதவனுக்குத்தான் ஹிஸ்டரி குரூப்" என்ற ஏளனம் காத்திருக்கும்.

யாருக்கு எந்தப் பாடம் என்பது இந்த நாட்டில் ஒருபோதும் வெறும் விருப்பத்தைப் பொறுத்ததாக இருந்ததில்லை. பள்ளியில் சமஸ்கிருதம் படிக்க விரும்பிய அம்பேத்கருக்கு அது மறுக்கப்பட்டது. அவர் பாரசீகம் எடுக்க நேர்ந்தது. பின்னாளில் சாதியின் வேரைத் தேடி அதே சமஸ்கிருத நூல்களை அவர் தாமாகவே படித்து அலசினார். எந்தப் பாடத்தை மறுத்தார்களோ, அந்தப் பாடத்தில்தான் அவர்களுடைய அதிகாரம் இருந்தது.

1882இல் ஹண்டர் கல்விக் குழுவுக்கு ஜோதிராவ் புலே கொடுத்த மனுவையும் இங்கே நினைக்க வேண்டும். உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்கு உழவைப் பற்றிய அடிப்படை அறிவு வேண்டும் என்று அவர் கேட்டார். கூடவே எழுத்து, கணக்கு, இலக்கணம், புவியியல், பொது வரலாறு ஆகியவற்றையும் கேட்டார். உழுகிற பிள்ளைக்கு உழவு போதும் என்று அவர் சொல்லவில்லை.

அப்படிச் சொன்ன திட்டத்தை நாம் அறிவோம். 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம், கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரம் பெற்றோரின் தொழிலைக் கற்கச் சொன்னது. குலக்கல்வி என்று பெரியார் இயக்கம் அதை எதிர்த்தது. 1954இல் காமராசர் ஆட்சி அதைக் கைவிட்டது. ஆனால் 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் குடும்பத் தொழிலில் உதவலாம் என்கிறது. அந்தச் சட்டத்தையும் அனுபவத்துக்குக் கிரெடிட் தரும் கட்டமைப்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அப்பன் தொழிலைப் பிள்ளை செய்வதற்கு நாளை ஒரு சான்றிதழே வந்துவிடலாம். அரை நாள் பள்ளி என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை; நெகிழ்வு என்று சொன்னால் போதும்.

அப்படியென்றால் கிரெடிட்டே வேண்டாமா? நம் தோழர்கள் பலர் அங்கேதான் நிற்கிறார்கள். புதிய கல்விக் கொள்கையை எதிர்ப்பது சரி. ஆனால் நம் எதிர்ப்பு, ஏற்கெனவே வெளியே விழுந்துவிட்ட பிள்ளையின் கையில் எதையும் கொடுப்பதில்லை. பாடம் பாடமாக, நிதானமாகத் தேறும் வசதி அவனுக்குத்தான் அதிகம் தேவை. தேசியத் திறந்தநிலைப் பள்ளி இதைப் பல ஆண்டுகளாகச் செய்கிறது: பதினான்கு வயதில் பதியலாம், ஐந்து ஆண்டுகளுக்குள் ஒவ்வொரு பாடமாக எழுதலாம், வேறு வாரியத்தில் தேறிய இரண்டு பாடங்கள் வரை எடுத்துவரலாம். ஆக, நெகிழ்வு ஒரு கருவிதான். மேலே ஏறவும் பயன்படும், வெளியே தள்ளவும் பயன்படும்.

நான் கேட்பது இது. தமிழ்நாடு 2025 ஆகஸ்டில் தனக்கென ஒரு கல்விக் கொள்கையை வெளியிட்டிருக்கிறது. அதன் தொடர்ச்சியாக, மானுடப் பாடங்களில் ஒரு தொடக்கநிலைச் சான்றிதழை மாநில அரசே உருவாக்க வேண்டும். எட்டாம் வகுப்புக்கு மேல் யாரும் சேரலாம். பள்ளியில் இருப்பவரும் சேரலாம், விட்டவரும் சேரலாம். சிறு சிறு அலகுகள்: ஊர் வரலாறு, அரசமைப்புச் சட்டம், கூலியும் உழைப்பும், சாதி ஒழிப்பு இயக்கங்கள், கதையும் பாட்டும். மதிப்பீட்டுக்கு மூன்று மணி நேர எழுத்துத் தேர்வு மட்டுமே வழியாக இருக்கக் கூடாது. ஒலிப்பதிவு, நேர்காணல், தெரு வரைபடம், பதினோரு பக்க நோட்டு எல்லாம் செல்ல வேண்டும். கட்டணம் கூடாது.

இரண்டு நிபந்தனைகளை விட்டுக்கொடுக்கக் கூடாது. முதலாவது, இந்தக் கிரெடிட்டுகள் மேல்நிலைக் கலைப்பிரிவில் சேர்வதற்குச் சட்டப்படி செல்ல வேண்டும். "இது போதும், போ" என்று அனுப்பிவைக்கும் தாளாக இருக்கக் கூடாது. இரண்டாவது, பதினெட்டு வயதுக்குள் செய்யும் குடும்பத் தொழிலுக்கு எந்தக் கிரெடிட்டும் கூடாது.

"நம் பிள்ளைகளுக்கு இரண்டாந்தரச் சான்றிதழா?" என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான அச்சம். சேரிப் பிள்ளைகள் மட்டும் படித்தால் அது சேரிச் சான்றிதழாகத்தான் பார்க்கப்படும். அதனால்தான் மருத்துவக் கனவோடு முதல் குரூப்புக்குப் போகிற பிள்ளையும், தனியார் பள்ளிப் பிள்ளையும் இதில் சில அலகுகளையாவது முடிக்க வேண்டும் என்கிறேன். பேருந்து நிறுத்தம் ஏன் ஊர்த்தெருவோடு நிற்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டிய கட்டாயம் அந்தத் தெருவில் வாழ்கிறவர்களுக்குத்தான் இன்னும் அதிகம்.

கை வேலைக்கும் மதிப்பு வேண்டும், கூலி வேண்டும். ஆனால் நம் பிள்ளையின் கையை மட்டும் அளந்து, அவன் கேள்வியை அளக்காமல் விடும் எந்த அளவுகோலும் பழைய அளவுகோல்தான்.

அந்த நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தான். உள்ளங்கையில் கம்பி கிழித்த தழும்பு. நோட்டைப் புரட்டிவிட்டு, "பாட்டி இன்னும் ஒரு விஷயம் சொன்னாங்கண்ணா, எழுதவா?" என்றான். பேனா கொடுத்தேன். என்னால் கொடுக்க முடிந்தது அவ்வளவுதான். மிச்சத்தை அரசிடம்தான் கேட்க வேண்டும்.