மேலிடத்தில் சொன்னால் போதுமா?



நம் அணுபுரத்தைச் சுற்றிலும் ஆய்வு நிறுவனங்களும் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் நிறைந்துள்ளன. நம்மில் பலர் அங்கே பணியாற்றுகிறோம். அங்கே குழந்தைகள் ஏது என்று நினைக்கலாம். கோடை முகாமுக்கும் விளையாட்டுப் பயிற்சிக்கும் சிறுவர்கள் வருகிறார்கள். முதலாண்டு மாணவர்கள் பலருக்கு வயது 17தான். 18 வயது நிரம்பாத எவரும் சட்டத்தின் முன் குழந்தையே.

உடன் பணியாற்றும் ஒருவர் அத்தகைய பிள்ளையிடம் பாலியல் முறையில் தவறாக நடப்பதாகத் தெரிந்தால் என்ன செய்வோம்? "துறைத்தலைவரிடம் சொல்லிவிட்டேன், என் கடமை முடிந்தது" என்போம்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்ததும் இதுவே. அங்கு கால்பந்து அணியின் துணைப் பயிற்சியாளராக இருந்து ஓய்வு பெற்றவர் ஜெர்ரி சாண்டஸ்கி. 2001-இல் அவர் ஒரு சிறுவனுடன் குளியலறையில் இருந்ததைக் கண்ட இளம் ஊழியர் ஒருவர், மறுநாளே தலைமைப் பயிற்சியாளரிடம் சொன்னார். அவர் தம் மேலதிகாரியிடம் சொன்னார். செய்தி பல்கலைக்கழகத் தலைவர் வரை சென்றது. காவல்துறைக்கு மட்டும் செல்லவில்லை. 2011-இல்தான் சாண்டஸ்கி கைதானார். 2012-இல் 45 குற்றங்கள் மெய்ப்பிக்கப்பட்டன. இடைப்பட்ட ஆண்டுகளில் இன்னும் சில சிறுவர்கள் சீரழிக்கப்பட்டனர். காவல்துறைக்குத் தெரிவிக்காத அதிகாரிகள் மூவரும் பின்னர் சிறை சென்றனர்.

நம் திருச்சபையும் இதே பாவத்தைச் செய்தது. பாஸ்டனில் புகார்கள் ஆயர் இல்லத்தோடு நின்றன. குருக்கள் வேறு பங்குகளுக்கு மாற்றப்பட்டனர். 2002-இல் இது வெளிவந்தபோது நாம் தலைகுனிந்தோம். குருக்களும் துறவியரும் இத்தகைய புகாரைத் திருச்சபை அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2019-இல் ஆணையிட்டார். நாட்டின் சட்டம் விதிக்கும் கடமையை அது நீக்கவில்லை.

நம் நாட்டுச் சட்டம் தெளிவானது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றத்தை அறிந்தவரும், அது நடக்கக்கூடும் என அஞ்சுபவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தவறினால் ஆறு மாதம் வரை சிறை உண்டு. தமக்குக் கீழ்ப் பணியாற்றுபவரின் குற்றத்தை நிறுவனத் தலைவர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை. சான்று தேடுவது நம் வேலையல்ல, அது காவல்துறையின் பணி. நல்லெண்ணத்தோடு தகவல் தருபவர் மீது வழக்குத் தொடர முடியாது. 1098 என்ற எண்ணை அழைத்தும் உதவி கேட்கலாம். குழந்தையைத் துருவித் துருவிக் கேட்காதீர்கள். அதன் பெயரை எவரிடமும் பரப்பாதீர்கள்.

இது எளிதன்று என்பதை அறிவேன். குற்றம் சாட்டப்படுபவர் அடுத்த வீட்டுக்காரராக இருக்கலாம். அவருக்கும் மனைவி மக்கள் உண்டு. நம் வேலையை நினைத்தும் அச்சம் வரும். ஆனால் அந்தப் பிள்ளைக்கு நம்மை விட்டால் யார்?

நல்ல சமாரியர் உவமையில் குருவும் லேவியரும் விலகிச் சென்றார்கள். எரிகோ போய்ச் சேர்ந்ததும் யாரிடமாவது சொல்லிக்கொள்ளலாம் என்று அவர்களும் நினைத்திருக்கலாம். காயப்பட்டவரோ வழியிலேயே கிடந்தார்.

நாம் விலகிச் செல்லாதிருக்க இறைவன் நமக்குத் துணிவைத் தருவாராக.