படலையில் நிற்பவர் யார்?

அயல்வீட்டு அம்மையார் ஒருவர் சென்ற மாதம் என்னிடம் கேட்ட கேள்வி இன்னும் மனத்தை விட்டு அகலவில்லை. அவருடைய மகன் ரொறன்ரோவிலும் மகள் லண்டனிலும் வாழ்கின்றனர். முதிய பெற்றோர் தனித்திருக்கும் வீடாகையால், மகன் பணம் அனுப்பி விறாந்தையில் ஒன்றும் முன்னறையில் ஒன்றுமாக இரண்டு கமராக்களைப் பூட்டுவித்திருந்தார். கைத்தொலைபேசியைத் திறந்தால் அங்கிருந்தே தாயின் முகத்தைக் காணலாம்.

"மாஸ்டர், பிள்ளை அங்கையிருந்து பாக்கிறமாதிரி வேற ஆரும் எங்களைப் பாக்கேலுமோ?" என்றார் அம்மையார்.

படித்தவர் பலருக்குந் தோன்றாத கேள்வி.

படலையடியில் எவரேனும் கூப்பிட்டால், குரலை வைத்தே ஆளை அறிந்துகொள்கிறோம். தூரத்திலிருந்து அழைப்பவரின் குரலைக் கமரா அறியாது, முகத்தையும் அறியாது. அது கேட்பவை இரண்டே: பயனர் பெயர், கடவுச்சொல். அவற்றைப் பிழையின்றிச் சொல்பவர் எவரோ அவரே அதற்கு வீட்டுக்காரர். சென்று பார்த்தேன். பெயர் 'அட்மின்', கடவுச்சொல் '12345'. தொழிற்சாலையில் இட்டது இட்டபடியே இருந்தது. போதாததற்கு, வெளியிலிருந்து நேரே கமராவை அடையும் வழியொன்றும் றவுட்டரில் திறந்து விடப்பட்டிருந்தது. "பாக்கலாம், அம்மா" என்றேன்.

இஃது வெறும் அச்சமன்று. 2016ஆம் ஆண்டில் 'மிராய்' என்னுந் தீய நிரல் உலகெங்கும் பரவிற்று. அதனிடம் பெரிய வித்தை எதுவுமில்லை. தொழிற்சாலைகள் வழக்கமாக இடும் பெயர்களும் கடவுச்சொற்களுமாக 60 இணைகளுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். இணையத்திற் கண்ட கருவிகளின் கதவுகளைத் தட்டி, அவற்றைச் சொல்லிப் பார்த்தது. இலட்சக்கணக்கான கருவிகள் திறந்துகொண்டன. அவ்வாண்டு ஒக்டோபர் 21ஆந் திகதி, இவ்வாறு அடிமைப்பட்ட கருவிகள் இணைய முகவரி காட்டும் 'டைன்' என்னும் அமெரிக்க நிறுவனத்தை ஒருங்கே தாக்கின. நெற்பிளிக்ஸ் முதலிய தளங்கள் பல மணிநேரம் பலருக்கு எட்டாமற் போயின. கமராக்களோ சொந்தக்காரருக்கு வழக்கம்போற் படங் காட்டிக்கொண்டிருந்தன! மிராயை ஆக்கிய இளைஞர் மூவர் 2017இல் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். அவர்களுள் ஒருவர் பல்கலைக்கழகத்திற் படித்தவர்.

வீட்டுக்காரரை மட்டும் நோவதிற் பயனில்லை. எல்லாப் பூட்டுக்கும் ஒரே திறப்பைப் போட்டு விற்றவனே முதற் குற்றவாளி. பிரித்தானியா அவ்வழக்கத்தை 2024 ஏப்பிரல் 29 முதல் சட்டத்தாற் தடுத்துள்ளது.

அன்று மாலையே வேலையைத் தொடங்கினோம். புதிய மென்பொருளை ஏற்றி, றவுட்டரின் வழியை அடைத்து, இனி வருபவர் தயாரித்த நிறுவனத்தின் சேவையகம் ஊடாகவே வரும்படி செய்தோம். கடவுச்சொல்லாகப் பேரனின் பிறந்த திகதியை வைக்கலாமென்றார் அம்மையார். அது ஆண்டுதோறும் கேக் படத்தோடு முகநூலில் வருகிறதே என்றேன். சிரித்துவிட்டு, ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கு சொற்களைச் சொன்னார். அவற்றை இங்கே எழுதமாட்டேன். மாற்றங்கள் செய்யும் உரிமையை அவரிடமே விட்டு, பிள்ளைகள் இருவருக்கும் பார்வையிட மட்டும் தனித்தனிக் கணக்குகள் கொடுத்தோம். ஒருவரது தொலைபேசி களவு போனால் அவர் கணக்கை மட்டும் நீக்கிவிடலாமல்லவா?

இரண்டாங் காவலாக, 30 செக்கனுக்கொருமுறை மாறும் ஆறிலக்க எண் ஒன்றையும் அமைத்தோம். சேவையகமும் தொலைபேசியும் முன்னரே ஓர் இரகசியத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. அதனோடு அந்தக் கணத்தின் நேரத்தைச் சேர்த்துக் கணித்து, இரண்டும் தனித்தனியே ஒரே எண்ணை அடைகின்றன. "இங்கை பின்னேரம், அங்கை காலமை, எண் எப்பிடி ஒக்கும்?" என்றார் அம்மையாரின் கணவர். அவர் ஓய்வுபெற்ற புகையிரத நிலைய அதிபர். நேர விடயத்தில் விடமாட்டார். கணிப்பு உள்ளூர் நேரத்திலன்று, உலகப் பொதுநேரத்தில் நிகழ்கிறது என்று விளக்கிய பின்னரே தலையசைத்தார்.

இரவு மகன் அழைத்தார். "அம்மா, கமரா என்னை உள்ளுக்கு விடுகுதில்லை."

"ஆர் தம்பி நீ எண்டு கேக்குதோ?" என்றார் தாயார்.

மறுநாட் காலை, முன்னறைக் கமராவை மட்டும் கழற்றித் தரும்படி கேட்டார். கழற்றிக் கொடுத்தேன்.