தகப்பனாரை நினைத்துச் சிரிப்பது தவறா?

காலஞ்சென்ற பெற்றோரைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும், அவர்களுடைய நற்குணங்களை மட்டுமே சொல்ல வேண்டும் என்பது தமிழ்க் குடும்பங்களில் எழுதப்படாத சட்டம். பத்திரிகைகளில் வரும் நினைவஞ்சலி விளம்பரங்களைப் பார்த்தாலே இது விளங்கும். படத்தில் இருப்பவர் யாராயினும் அவர் பண்பின் சிகரம், பாசத்தின் உறைவிடம். பெயரை மாற்றிப் போட்டாலும் வாசகம் பொருந்தும். அந்த மனிதர் எதற்குக் கோபப்படுவார், எதைக் கண்டால் குழந்தையாகிவிடுவார், வீட்டில் உள்ளவர்களை எப்படியெல்லாம் பாடாய்ப் படுத்தினார் என்பதற்கெல்லாம் அங்கே இடமில்லை.

ஆனால் திதிக்குக் கூடும் பிள்ளைகள், சாப்பாடு முடிந்ததும் பேசுவது என்னவோ அதைத்தான். கூடத்தில் சிரிப்பு எழும். உடனே பெரியவர் ஒருவர், "போதும், இன்றைக்குப் போய் என்ன சிரிப்பு?" என்று அடக்குவார். இப்படி அடக்குவது சரிதானா?

கவிக்குயில் சரோஜினி தேவியின் வீட்டுக் கதை இதற்குப் பதில் சொல்லும். அவர் 1879-ல் ஹைதராபாத்தில் பிறந்தவர். தகப்பனார் அகோரநாத் சட்டோபாத்யாயா வங்காளத்திலிருந்து வந்து நிஜாமின் ராஜ்யத்தில் குடியேறியவர். 1877-ல் எடின்பரோ பல்கலைக் கழகத்தில் விஞ்ஞான டாக்டர் பட்டம் பெற்றவர். பின்னாளில் நிஜாம் கல்லூரியாக வளர்ந்த கல்விக்கூடத்தை நிறுவியவர். இத்தனை படித்த மனிதருக்கு ஒரு பைத்தியம் இருந்தது. தாழ்ந்த உலோகத்தைத் தங்கமாக்கும் ரசவாதப் பைத்தியம்! வீட்டில் இரவு பகலாகப் பரிசோதனை நடந்தது. புதிய செய்முறை ஒன்று தெரியும் என்று சொல்லிக்கொண்டு யார் வந்தாலும் ராஜோபசாரம். தங்கம் வந்த பாடில்லை. கையில் இருந்த பணம்தான் போயிற்று.

போதாக்குறைக்குத் தோட்டத்தில் தினமும் ஒரு தர்பார். ராஜாக்கள், பிச்சைக்காரர்கள், பண்டிதர்கள், சாமியார்கள், சுத்த அயோக்கியர்கள் என்று எல்லோரும் கலந்து உட்கார்ந்திருப்பார்கள். அத்தனை பேருக்கும் ஒரே மரியாதை. வீட்டுக்காரரின் சிரிப்போ கூரையைப் பிளக்கும்.

இதையெல்லாம் எழுதி வைத்தவர் அவருடைய மகளேதான். ஆர்தர் சைமன்ஸ் என்ற ஆங்கிலக் கவிஞருக்கு எழுதிய கடிதத்தில் இவற்றை விவரித்தார். சரோஜினியின் முதல் கவிதைத் தொகுதி 1905-ல் வெளிவந்தபோது அதன் முன்னுரையில் சைமன்ஸ் அதை எடுத்துப் போட்டார். அகோரநாத் காலமானது 1915-ல். ஆகவே, தகப்பனார் உயிரோடு இருக்கும்போதே அவருடைய கிறுக்குகள் லண்டனில் அச்சேறிவிட்டன! அவருடைய வாழ்க்கை ஒரு மகத்தான தோல்வி என்று கூட மகள் சொன்னார். சொன்ன கையோடு, இந்தியாவில் அவரைவிடக் கற்றவர்கள் சிலரே, அவரளவு நேசிக்கப்பட்டவர்களும் பலர் இல்லை என்றார். தங்கம் தேடுகிறவனும் கவிதை தேடுகிறவனும் ஒரே ரகசியத்தைத்தான் தேடுகிறார்கள் என்றும் முடிவு கட்டினார். தகப்பனாரை ஏளனம் செய்கிற மகளுக்கு இப்படி எழுத வருமா?

கசப்பானதையும் அவர் மறைக்கவில்லை. ஆங்கிலம் பேசமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்ததற்காக, ஒன்பது வயதில் ஒரு பகல் முழுவதும் அறையில் தனியாக அடைத்து வைக்கப்பட்டார். வாழ்நாளில் தகப்பனார் தந்த ஒரே தண்டனை அதுதான். வெளியே வந்த பெண் அதன் பிறகு அவரிடம் ஆங்கிலத்தைத் தவிர வேறு பாஷை பேசவே இல்லை. தாயார் வரதசுந்தரி தேவி இளமையில் வங்காளியில் கவி பாடியவர்; மகளிடம் பேசியதோ ஹிந்துஸ்தானி. மகளைக் கணித மேதையாக்கத் தகப்பனார் கனவு கண்டார். பதினோராவது வயதில் அல்ஜீப்ராக் கணக்கு ஒன்று வராமல் தவித்துக் கொண்டிருந்தபோது, விடைக்குப் பதில் ஒரு கவிதை வந்தது. ஆயினும் தகப்பனாரின் பயிற்சி வீணாகவில்லை. பன்னிரண்டாவது வயதில் சென்னைப் பல்கலைக் கழக மெட்ரிகுலேஷன் பரீட்சையில் அந்தப் பெண் தேறினார்.

இப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்ததால் என்ன கிடைத்தது? பெரியவர்களைக் கண்டு மிரளாத மனம் கிடைத்தது என்று சொல்லலாம். 1914-ல் லண்டனில் காந்திஜியை முதன்முதலாகப் பார்த்தபோது, அவர் தரையில் அமர்ந்து மரக் கிண்ணத்தில் சாப்பிட்டுக் கொண்டிருந்தார். சரோஜினி தேவி விழுந்து விழுந்து சிரித்தார். பின்னாளில் அவருக்கு 'மிக்கி மௌஸ்' என்றே பெயர் வைத்தார். அதே காந்திஜிக்குப் பின்னால் சிறைக்கும் போனார். சிரிப்பும் பக்தியும் ஒரே மனத்தில் குடியிருக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

பிற மாநிலங்களில் வாழும் தமிழர்களுக்கு இந்தக் கதையில் தனி அக்கறை உண்டு. சட்டோபாத்யாயா குடும்பமும் சொந்த ஊரை விட்டு வந்து, பல பாஷைகளுக்கு நடுவே வாழ்ந்த குடும்பம்தான். அயலூரில் பெற்றோரின் வழக்கங்கள் இரட்டிப்பு விநோதமாகத் தோன்றும். வீட்டுக்குள் இந்திச் சொல் ஒன்றுக்குப் பத்துப் பைசா அபராதம் போட்ட தகப்பனார், உள்ளூர் அரிசியை நம்பாமல் ஊரிலிருந்து மூட்டை கட்டி வந்த தாயார், ரயிலுக்கு மூன்று மணி நேரம் முன்பே குடும்பத்தோடு பிளாட்பாரத்தில் குடியேறிவிடும் தம்பதி. இவர்கள் இல்லாத தமிழ்க் குடியிருப்பு எந்த நகரத்தில் உண்டு? பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பார்த்துவிடப் போகிறார்களே என்று அன்று வெட்கப்பட்டவர்கள், இன்று அதே கதைகளைத்தான் ஆசையோடு சொல்கிறார்கள். அரிசி மூட்டைக்குள் ஊரைப் பற்றிய ஏக்கம் இருந்தது. பத்துப் பைசா அபராதத்தில், பிள்ளை தன் பாஷையை மறந்துவிடுவானோ என்ற பயம் இருந்தது. வயது ஏறிய பிறகுதான் இது புரிகிறது.

இங்கே ஒரு எச்சரிக்கையும் அவசியம். குடியையும் அடியையும் சூதாட்டத்தையும் 'அவர் சுபாவம் அப்படி' என்று சிரித்து மழுப்புவது நகைச்சுவை ஆகாது. அது உண்மையைப் புதைக்கும் இன்னொரு வழி. தகப்பனாரின் தர்பாருக்கு வேளை தவறாமல் சமைத்துப் போட்டவர் யார், அவர் தொலைத்த பணத்துக்கு ஈடாக எதை விட்டுக் கொடுத்தார் என்பதும் கதையில் வர வேண்டும். பல வீடுகளில் தகப்பனாரின் கிறுக்கு கதையாக நிலைக்கிறது. தாயார் பட்ட பாடு மட்டும் மறந்து போகிறது.

சரோஜினி தேவியின் அந்த முதல் தொகுதிக்குப் பெயர் 'பொன் வாசல்' என்று பொருள்படும் 'கோல்டன் த்ரெஷோல்டு'. அந்தப் பெயரையே ஹைதராபாத்தில் உள்ள அவர்கள் வீடும் தாங்கி நிற்கிறது. எல்லாக் குடும்பங்களுக்கும் அப்படி வீடு வாய்க்காது. ஆனால் கதைகள் இருக்கின்றன. அவற்றைச் சொல்லத் தெரிந்த அத்தைகளும் சித்தப்பாக்களும் இருக்கும்போதே பேரப்பிள்ளைகள் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். மாலை போட்ட படத்தைக் கும்பிட்டு வளரும் பேரனுக்குத் தாத்தாவின் முகம் மட்டுமே தெரியும். அவர் செய்த கூத்துகளைக் கேட்டுச் சிரித்து வளர்ந்தவனுக்குத்தான் தாத்தாவையே தெரியும்.