காற்று பார்த்துக் குறிக்கும் தவணை

பங்காருபாளையத்திற்கு மாறுதலாகி வந்த புதிதில் நமக்குப் பழக நாள் பிடித்தது, காற்றில்லாத பகற்பொழுதுதான். மாந்தோப்புகளில் இலை அசைவதில்லை. சித்தூரிலிருந்து பலமநேர் செல்லும் நெடுஞ்சாலையில் லாரிகள் கிளப்பும் புழுதியும் எழுந்த இடத்திலேயே அமர்ந்துவிடுகிறது. இதற்கு முன் நாம் பணியாற்றிய தூத்துக்குடியிலோ, மேசைமேல் உள்ள காகிதங்களுக்குக் கனம் வைக்காமல் சன்னலைத் திறக்க இயலாது.

ஆனி, ஆடி மாதங்களில் அந்நகரைக் காண வேண்டும். மேற்கே மலைக் கணவாய்களைக் கடந்து வரும் வறண்ட காற்று பகலெல்லாம் வீசும். மிதிவண்டியில் செல்வோர் உடலைச் சாய்த்தே மிதிப்பர். தேநீர்க் கடைக்காரர் அடுப்பைச் சுற்றித் தகரம் கட்டியிருப்பார். கண்ணில் மணல் விழாத நாளில்லை. மீனவர் இதனைக் கச்சான் என்பர். அவர்களுக்கு வாடையும் கொண்டலும் வேறு வேறு, ஒவ்வொன்றுக்கும் கடல் வேறு. துறைமுகச் சாலையில் ஒரு காற்றாலை இறக்கையை ஏற்றிய நீண்ட வண்டி திரும்புவதற்காக ஊரே காத்து நிற்பதும் உண்டு. தமிழகத்தின் முதல் காற்றாலைப் பண்ணை 1986இல் அந்நகரை அடுத்த முள்ளக்காட்டில்தான் அமைந்தது என்பதை அறிந்தோர்க்கு இதில் வியப்பிராது.

ஆயினும் அக்காற்றை மெய்யாகவே உண்டு வாழ்வது உப்பளம். நிலத்தடி உவர்நீரை மோட்டார் வைத்து இறைத்து, பாத்தி பாத்தியாக மாற்றி, வெயிலிலும் காற்றிலும் சுண்ட விடுவர். கடல்நீர் போமே அளவில் ஏறத்தாழ 3.5 டிகிரி இருக்கும். அது 25 டிகிரியை எட்டினால்தான் உப்பு படியத் தொடங்கும். அந்த ஏற்றத்தைக் கொடுப்பது வெயில் மட்டுமன்று, ஈரத்தை அள்ளிச் செல்லும் வறண்ட காற்றும்தான். ஐப்பசியில் காற்று திசை மாறி மழை இறங்கினால் வேலை நின்றுவிடும். வாரிய உப்பை அம்பாரமாகக் குவித்து ஓலை வேய்ந்து மூடிவிட்டு, அடுத்த பருவத்திற்காகக் காத்திருப்பர்.

சிறு அளம் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து நடத்திய ஓர் அம்மையார் மோட்டாருக்காக நமது கிளையில் ₹1,08,000 கடன் பெற்றிருந்தார். 36 மாதம், வட்டி நீங்கலாக மாதம் ₹3,000. நவம்பர் தவணை வரவில்லை, டிசம்பரிலும் வரவில்லை. அழைத்துக் கேட்டோம். “மழை மாசத்துல உப்பு எங்க சார் விளையும்? மாசி பொறந்ததும் மொத்தமா கட்டிருதேன்” என்றார். அவர் சொல்லில் பொய்யில்லை. ஆனால் வங்கிக் கணக்கின் விதி வேறு. தவறிய தவணை 90 நாள்களைக் கடந்தால் கணக்கு வாராக்கடனாகக் குறிக்கப்படும். நவம்பர் 5 அன்று தவறிய தவணைக்கு 90 நாள் பிப்ரவரி 3இல் முடிகிறது. மாசி பிறப்பதோ பிப்ரவரி 13 வாக்கில். பத்தே நாள் வித்தியாசம். அந்தப் பத்து நாளில் அவருடைய கடன் மதிப்பெண் சரிந்தது. மறு ஆண்டு அவர் கடன் கேட்டபோது கொடுக்க வழியில்லை. வியாபாரியிடம் முன்பணம் வாங்கினார். அவர் சொன்ன விலைக்கே உப்பை அளந்தார்.

அவ்விண்ணப்பத்தில் தவணையை நிரப்பியது நாமே. கணினியில் 36 என்று தட்டினோம். அது சமமாகப் பிரித்துக் கொடுத்தது. ஆண்டுக்கு ஒன்பது மாதம் மட்டும் ₹4,000 என்று குறித்திருந்தால், அதே மூன்று ஆண்டில் அசல் அதே தொகையாகவே அடைந்திருக்கும். மழை மாதங்களில் அசலின் மீது வட்டி ஓடும், சுமை சற்றுக் கூடும். அதை முன்னரே சொல்லியிருந்தால் அம்மையார் மறுத்திருக்க மாட்டார்.

விதி இடங்கொடுக்காது என்று எம் நண்பர்கள் சிலர் கூறுவர். நமக்கு அதில் உடன்பாடில்லை. கடனாளியின் பணவரவை ஒட்டியே தவணைகளைக் குறிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதலே சொல்கிறது. பயிர்க்கடனுக்கு அறுவடைப் பருவத்தைக் கொண்டே கெடு எண்ணுகிறோம். கிசான் கடன் அட்டை 2018-19ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்ட அறிவிப்பின் வழியே மீனவருக்கும் விரிவாக்கப்பட்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும் என்பது கடன் கொடுப்போருக்கும் தெரிந்ததே. மழைக்காலத்தில் வேலை இழக்கும் உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்குத் தமிழக அரசு ₹5,000 நிவாரணம் வழங்குகிறது. அரசு அறிந்த பருவத்தை வங்கிக் கிளையின் கணினி அறியாதிருப்பது முறையன்று. உப்பைத் தொழில் என்று வகைப்படுத்தியிருப்பதால் அது பன்னிரண்டு மாதமும் விளையுமா?

பருவம் தவறாமல் வந்தாலே இந்தப் பாடு. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியபோது, உப்பளங்கள் வெள்ளத்தில் மூழ்கின. ஓலை வேய்ந்து வைத்திருந்த அம்பாரங்களும் கரைந்தன. அத்தகைய ஆண்டில் கடனை மறுசீரமைக்கலாம். ஆனால் தவணை தவறும் முன்பே கிளைக்கு வந்து சொல்பவருக்கு நம்மால் செய்ய முடிவதில் பாதியைக்கூட, தொலைபேசியை எடுக்காமல் மூன்று மாதம் கழித்து வருபவருக்குச் செய்ய முடிவதில்லை. வாடிக்கையாளரிடம் நாம் கேட்பது இது ஒன்றே.

பங்காருபாளையத்தில் காற்றில்லை என்று எழுதினோம். சித்திரையில் ஓரிரவு அது வந்தது. அரைமணி நேரம்தான் வீசியது. விடியலில் தோப்புகளின் அடியில் முற்றாத தோத்தாபுரிக் காய்கள் பச்சைப் பாய் விரித்தாற்போல் கிடந்தன. இரண்டு நாள் கழித்து, சொட்டுநீர்ப் பாசனக் குழாய்க்காகக் கடன் கேட்டு விவசாயி ஒருவர் வந்தார். விண்ணப்பத்தில் தவணைக் கட்டத்தை நிரப்பாமல் விட்டு, எந்த மாதத்தில் வைக்கலாம் என்று கேட்டோம். இப்படி ஒரு கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை போலும். சற்று நேரம் விரல்விட்டு எண்ணினார்.

“ஆடியில காய் மாங்கூழ் தொழிற்சாலைக்குப் போகும் சார். பணம் ஆவணியிலதான் கைக்கு வரும். புரட்டாசின்னு போட்டுக்குங்க.”