மூன்றாவது நாற்காலியில் யார் உட்கார்வது?

தலைமையாசிரியர் அறையில் ஒரு நாற்காலி அவருக்கு. எதிரே ஒன்று குழந்தையின் அம்மாவுக்கு. பல நேரம் அவர் அதில் உட்காராமல் கதவோரமே நிற்பார். கையில் மஞ்சள் பை. உள்ளே ஆதார் நகல், ஆஸ்பத்திரிச் சீட்டு, மழையில் நனைந்து ஓரம் ஒட்டிப்போன அடையாள அட்டை. “பையனை வீட்டுலயே வெச்சுக்கம்மா, டீச்சர் தேடி வருவாங்க” என்றால் என்ன பதில் சொல்வதென்று அவருக்குத் தெரியாது. தெரிந்த ஒருவர் பக்கத்தில், மூன்றாவது நாற்காலியில் இருக்க வேண்டும்.

ஜவ்வாது மலையில் மாற்றுத்திறன் குழந்தைகளின் குடும்பங்களோடு வேலை செய்யும் இந்த அமைப்பின் நிலைப்பாடு இது: குழந்தைக்காகப் பரிந்து பேசுபவரைக் குடும்பம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர் மலைக்குள்ளிருந்தே வர வேண்டும். எந்த அலுவலகத்தைக் கேள்வி கேட்கிறாரோ, அங்கே சம்பளம் வாங்குபவராக இருக்கக் கூடாது.

அந்த அம்மாவுக்குத் தெரியாத பதில் சட்டத்தில் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தை 2012-இல் திருத்தியபோது, கடுமையான குறைபாடோ பல்வகைக் குறைபாடோ உள்ள குழந்தைக்கு வீட்டிலிருந்து படிக்கும் உரிமையும் சேர்ந்தது. அது குடும்பம் விரும்பிக் கேட்பது. பள்ளி தன் வசதிக்காகத் தலையில் கட்டக் கூடாது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இன்னும் நேராகப் பேசுகிறது. 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்புள்ள பிள்ளை 6 வயது முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ, தான் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கலாம். இதைக் குரல் உயர்த்தாமல், பிரிவு எண்ணோடு சொல்ல ஒருவர் இருந்தால் பேச்சின் போக்கே மாறிவிடும்.

மலைக்குள்ளிருந்து ஏன்? மலை ஒன்று, கலெக்டர் ஆபீஸ் மூன்று. ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலையில், புதூர்நாடு திருப்பத்தூரில், பீஞ்சமந்தை வேலூரில். 2019 நவம்பரில் திருப்பத்தூர் தனி மாவட்டம் ஆகும்வரை புதூர்நாட்டு மனுவும் வேலூருக்குத்தான் போனது. எந்த ஊர் மனு எந்த பஸ் ஏற வேண்டும் என்பது உள்ளூர்க்காரருக்கே அத்துப்படி. சாமை அறுப்பு நேரத்தில் மருத்துவ முகாம் வைத்தால் வீட்டில் ஆள் இருக்காது, அப்பா வெளியூர் வேலைக்குப் போயிருந்தால் கைநாட்டு வைக்க வருவது பாட்டிதான் என்பதெல்லாமும் அவருக்குத்தான் தெரியும்.

அங்கே சம்பளம் வாங்குபவர் ஏன் கூடாது? சிறப்புப் பயிற்றுநர்கள்மேல் இந்த அமைப்புக்கு மிகுந்த மதிப்பு உண்டு. தொடக்கப் பள்ளியில் 10 குழந்தைக்கு ஒருவர், அதற்கு மேல் 15 குழந்தைக்கு ஒருவர் என்று 2021 அக்டோபரில் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் விகிதம் சொன்னது. அந்த விகிதத்தைக் கேட்டு வாங்குவதும் பரிந்து பேசுபவரின் வேலைதான். ஆனால் பயிற்றுநர் வட்டார வள மையத்தின் ஊழியர். மையத்திலிருந்து வராத சக்கர நாற்காலிக்காக மையத்தின் மேலேயே மனு எழுதச் சொல்வது அவருக்கும் நியாயமில்லை.

பணம் கேட்பவரை முதல் நாளே விலக்க வேண்டும். “கார்டு வாங்கித் தர்றேன், உதவித்தொகை வாங்கித் தர்றேன்” என்று அசல் சான்றிதழைக் கேட்பவரையும் அப்படியே. அந்த அசல், மஞ்சள் பையை விட்டு வெளியே போகவே கூடாது. அமெரிக்காவில் மாற்றுத்திறன் குழந்தைகளின் கல்விக்கான 1975-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின், இப்படிப் பரிந்து பேசுவது கட்டணம் வாங்கும் தொழிலாக வளர்ந்தது. இங்கே வக்கீலே தேவைப்பட்டாலும் செலவில்லை: 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பழங்குடியினர், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு இலவச சட்ட உதவி உண்டு. மலைக் குழந்தைக்கு இந்த மூன்று தகுதியும் இருக்கிறது. 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

படித்த ஆளுக்கு எங்கே போவது என்று சிலர் கேட்கிறார்கள். சென்னையில் 1985-இல் வித்யாசாகர் என்ற மாற்றுத்திறனாளிகளுக்கான அமைப்பைத் தொடங்கிய பூனம் நடராஜன், பெருமூளை வாதம் உள்ள மகனின் தாய். அங்கே வளர்ந்த உரிமைச் சட்டப் பிரிவில் முன்நின்ற ராஜீவ் ராஜனும் பெருமூளை வாதம் உள்ளவர். பட்டவர்களே சட்டத்தையும் படித்துக்கொண்டார்கள். ஜவ்வாது மலையை அடுத்த புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி என்ற பெண் உரிமையியல் நீதிபதித் தேர்வில் வென்ற செய்தி 2024-இல் வந்தபோது மலையே பூரித்தது. இந்த வேலைக்கு அவ்வளவு பெரிய படிப்பும் வேண்டாம். பத்தாம் வகுப்புத் தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம், ஒரு மொழிப் பாடத்துக்கு விலக்கு போன்ற சலுகைகளுக்கு முன்கூட்டியே தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும் என்று தெரிந்து, தேதியை மறக்காதவர் போதும்.

இன்னொன்றில் இந்த அமைப்பு விட்டுக்கொடுக்காது. பிள்ளைக்கு அவரைப் பிடித்திருக்க வேண்டும். பேச வராத பிள்ளைக்கும் பிடித்தம் உண்டு; பிடிக்காதவர் தொட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், பிடித்தவர் வந்தால் திண்ணையிலிருந்தே கையை நீட்டும். வாசலோடு நின்று கையெழுத்து வாங்கிப் போகிறவரைக் குடும்பம் ஏற்க வேண்டியதில்லை. நாலு நாள் வந்து பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து, எது முடிகிறது, எது முடியவில்லை என்று பார்த்தவர்தான் பள்ளியில் பேசலாம்.

அமைப்பின் பணியாளர்களும் அந்த நாற்காலியில் நிலைக்கப் போவதில்லை. முதல் இரண்டு கூட்டத்துக்கு உடன் வருவார்கள். மூன்றாவதற்கு, இதே வழியில் ஏற்கெனவே நடந்து பழகிய பக்கத்து ஊர் அம்மா ஒருவர் வருவார். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனுவைக் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கி, அதை மஞ்சள் பைக்குள் வைத்துத் தாயின் கையில் கொடுப்பது வரை அவர் பொறுப்பு.