சாமி வந்துவிட்டது, போலீஸ் போகவில்லை

வேலூர்க்காரர்களிடம் ஊர்ப் பெருமை கேட்டால் ஒரு பட்டியல் ஒப்பிப்பார்கள். ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, அதிகாரம் இல்லாத போலீஸ். (பெண்களைப் பற்றியும் ஒன்று உண்டு. அதைக் கட்டியவன் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்திருக்க மாட்டான், விட்டுவிடுவோம்.) அதிகாரம் இல்லாத அந்தப் போலீஸ், கோட்டைக்குள் இருக்கும் காவலர் பயிற்சிப் பள்ளியில் பழகுகிறவர்கள். காக்கி உண்டு, லத்தி உண்டு, யாரையும் பிடிக்கத்தான் முடியாது. ஊர் தன்னையே கிண்டல் செய்துகொள்ளும் அந்த வரியை, சென்ற இதழின் கட்டுரையாளர் பாராட்டுப் பத்திரமாக எடுத்துக்கொண்டுவிட்டார். கோட்டைக்குள் காவலர் பயிற்சி நடப்பது அந்தக் கோட்டைக்குக் கிடைத்த பேறு என்று நான்கு பக்கம் எழுதியிருக்கிறார்.

அவர் சொல்வதன் சாரம் இவ்வளவுதான்: காக்கிச் சட்டை உள்ளே இருந்ததால்தான் கோட்டை இடியாமல் நிற்கிறது. கோட்டை படைவீரருக்காகக் கட்டப்பட்டது, ஆகவே போலீஸ் அதன் இயல்பான வாரிசு. கட்டுப்பாடுதான் கோட்டையின் ஆன்மா. மக்களை உள்ளே விட்டால் சுவரில் காதலி பெயரைக் கிறுக்குவார்கள்.

கடைசியில் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். கிறுக்குவார்கள், கிறுக்கியும் இருக்கிறார்கள். ஆனால் நான்கில் உண்மையானது அது ஒன்றுதான்.

இடியாமல் நிற்பதற்கு வருவோம். 16ஆம் நூற்றாண்டில் நாயக்கர்கள் எழுப்பிய கருங்கல் மதிலையும் அகழியையும் இன்று பராமரிப்பது இந்தியத் தொல்லியல் துறை. மாலையில் அகழி ஓரம் காற்று வாங்கும் ஊர்க்காரர் எவரைக் கேட்டாலும் இதைச் சொல்வார். 133 ஏக்கர் வளாகத்துக்குள் ஒரு பகுதியில் பயிற்சி நடத்துபவரை மொத்தக் கோட்டைக்கும் காவலர் என்பது, திண்ணையில் படுத்திருப்பவரை வீட்டைக் கட்டியவர் என்பதற்குச் சமம்.

சீருடைக்காரர் கையில் இருந்தால் கலை பிழைக்கும் என்கிறாரே, அதற்குச் சாட்சி கோட்டைக்குள்ளிருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில். சிற்பத்துக்குப் பேர்போன அந்தக் கல்யாண மண்டபம் இருக்கும் இடத்தைப் படைகள் ஆயுதக் கிடங்காக வைத்திருந்தன. யாளிகளுக்கும் குதிரை வீரர்களுக்கும் நடுவே வெடிமருந்து. மண்டபத்தையே பெயர்த்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோகத் திட்டமிட்டதாகவும், ஏற்றிப்போக வேண்டிய கப்பல் வந்து சேராததால் அது தப்பியதாகவும் ஒரு கதை உண்டு. கதை உண்மையானால், மண்டபத்தைக் காத்தது கடல். கட்டுரையாளர் நன்றி சொல்ல விரும்பினால் அந்தத் திசையில் கும்பிடட்டும்.

அடுத்தது வாரிசுரிமை. இங்கே அவர் பஞ்சாபுக்கே போய் ஒரு கோட்டையைச் சுமந்து வருகிறார். சட்லெஜ் கரையில் உள்ள பில்லோர் கோட்டையில் 1891 முதல் போலீஸ் பயிற்சி நடக்கிறது, அங்கே யாரும் முகம் சுளிக்கவில்லை, வேலூருக்கு மட்டும் என்ன வந்தது என்கிறார். பில்லோர், 1809 அமிர்தசரஸ் உடன்படிக்கைக்குப் பிறகு, எதிர்க்கரை லூதியானாவில் இருந்த ஆங்கிலேயரைக் கண்காணிக்க ரஞ்சித் சிங் தரப்பு அமைத்த எல்லைக் காவல் கோட்டை. படை இருக்கக் கட்டினார்கள், படை இருந்தது, பிறகு போலீஸ் வந்தது. வேலூர் அப்படியா? அரவீடு வம்சத்து அரசர்கள் தலைநகராகக் கொண்டு ஆண்ட இடம் இது. உள்ளே கோயிலும் மசூதியும், பின்னாளில் 1846இல் எழும்பிய தேவாலயமும் உண்டு. ஊரே ஒரு மதிலுக்குள் இருந்ததற்கும் எல்லைச் சாவடிக்கும் வித்தியாசம் தெரியாதவர், கோட்டை என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டையும் ஒரே தராசில் நிறுத்துகிறார்.

வாரிசு என்று சொல்லியே தீர வேண்டுமானால் யாருக்கு வாரிசு என்பதையும் சொல்லியிருக்கலாம். 1614இல் அரியணைப் போட்டியில் இரண்டாம் ஶ்ரீரங்கர் குடும்பத்தோடு கொல்லப்பட்டது இங்கேதான். 1799இல் ஶ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு திப்புவின் பிள்ளைகளையும் அரண்மனைப் பெண்களையும் கொண்டுவந்து அடைத்ததும் இங்கேதான். 1816இல் கண்டியின் கடைசி மன்னர் ஶ்ரீவிக்ரம ராஜசிங்கர் வந்து சேர்ந்தார். 1832இல் சாகும்வரை சிறை. திப்பு மகால், ஐதர் மகால், கண்டி மகால் என்று நாம் மரியாதையாகப் பெயர் சொல்வதெல்லாம் வீட்டுச்சிறைகளின் பெயர்கள். இந்த வரலாற்றில் சீருடை அணிந்தவருக்குக் கிடைக்கும் பாத்திரம் சிறைக்காவலர் பாத்திரம். வாரிசுப் பட்டம் சூட்டும்போது அதையும் சேர்த்தல்லவா சூட்டுகிறார்? பயிற்சிப் பள்ளியின் எதிரிகூட இப்படி எழுதமாட்டான்.

இனி கட்டுப்பாடு. கட்டுரையில் எனக்கு ரத்தம் கொதித்தது இந்த இடத்தில்தான். இந்தியாவில் எத்தனையோ கோட்டைகள் இருக்க, ஒழுங்குக்கும் கீழ்ப்படிதலுக்கும் உதாரணம் காட்ட ஒருவர் வேலூரைத் தேர்ந்தெடுக்கிறார் என்றால், அவர் வேலூரைப் பற்றி ஒரே ஒரு பக்கமாவது படித்திருக்கிறாரா?

1805 நவம்பரில் சென்னைப் படைத் தலைமை ஓர் உத்தரவு வகுத்தது. அணிவகுப்பில் நெற்றிக்குறி கூடாது, கடுக்கன் கூடாது, தாடி கூடாது, மீசைக்கும் அளவு; தலையில் தோல் பதக்கம் வைத்த புதுத் தலைப்பாகை. மறுத்த சிப்பாய்களில் இருவருக்குக் கசையடியும் பணிநீக்கமும். 1806 ஜூலை 9 அன்று திப்புவின் மகள் ஒருத்திக்குக் கோட்டைக்குள் கல்யாணம். அடுத்த நாள் விடிவதற்கு முன்பே துப்பாக்கிகள் திரும்பின. ஆங்கிலேயரின் 69ஆம் படைப்பிரிவினர் நூற்றுக்கும் மேல் செத்தார்கள். மைசூரின் கொடி ஏறியது. சில மணி நேரத்தில் ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்தார், கதவைப் பீரங்கியால் தகர்த்து உள்ளே போனார். அரண்மனைக்குள் ஒளிந்திருந்த ஏறக்குறைய 100 சிப்பாய்களை வெளியே இழுத்துவந்து சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். விசாரணை அதற்குப் பிறகுதான். அதில் தண்டிக்கப்பட்டவர்களில் சிலரைப் பீரங்கி வாயில் கட்டி வெடித்தார்கள். தளபதி கிரடாக்கும் ஆளுநர் பென்டிங்கும் 1807இல் திருப்பி அழைக்கப்பட்டார்கள். அந்தத் தலைப்பாகை உத்தரவையும் கைவிட்டார்கள்.

ஆக, சீருடை உத்தரவை முடியாது என்று சொன்னவர்களால் உலகுக்குத் தெரியவந்த கோட்டை இது. அதன் ஆன்மா கீழ்ப்படிதல் என்றால், 1857க்கு அரை நூற்றாண்டு முன்பே அங்கே செத்தவர்கள் ஆன்மா இல்லாமல் செத்தார்கள் போலும். உள்ளே பழகும் பிள்ளைகள்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. கிராமத்திலிருந்து வந்து, வெயிலில் கால் தேய லெஃப்ட் ரைட் போடும் அவர்கள் நம் வீட்டுப் பிள்ளைகள்தான். சட்டவிரோதமான உத்தரவு எது, அதை எங்கே நின்று மறுக்க வேண்டும் என்ற பாடத்தை நடத்த இந்த நாட்டில் வேலூர்க் கோட்டையைவிடப் பொருத்தமான வகுப்பறை கிடையாது. கட்டுரையாளர் அதைக் கேட்டிருந்தால், பள்ளி அங்கேயே இருக்கட்டும் என்று நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன். அவர் கேட்பதோ பாடம் இல்லாத வகுப்பறை.

மிச்சம் இருப்பது கிறுக்கல். அதற்கு மருந்து, டிக்கெட், காவலாள், விளக்கப் பலகை, அபராதம். மற்ற நினைவுச்சின்னங்களில் நடப்பதுதான். கிறுக்குவான் என்று பூட்டிவைத்தால், நூலகத்தில் பக்கம் கிழிப்பான் என்று புத்தகத்தையும் பூட்டலாம்.

இருப்பது இருக்கிறபடியே இருக்கட்டும், நெடுநாள் பழக்கத்தை மாற்ற முடியாது என்றும் முடிவில் ஒரு பெருமூச்சு விடுகிறார். இதே சொற்களைக் கோயில் விஷயத்திலும் வேலூர் கேட்டிருக்கிறது. பாதுகாக்கப்பட்ட சின்னம், வழிபாடு கூடாது, பல தலைமுறைகளாக மூலவர் இல்லை, இனி எப்படி என்றார்கள். 1981இல் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கம் கோட்டைக்குள் வந்தது. அன்றிலிருந்து பூசை நடக்கிறது, பிரதோஷத்துக்கு நிற்க இடமில்லை. பட்டியலில் சாமி இல்லாத கோயில் என்பதை இப்போது வேலூர்ப் பிள்ளைகள் சொல்வதில்லை.