"பம்ப் போய்விட்டது" என்று சொல்வதற்கு முன் ஒரு பல்பை எரித்துக் காட்டுங்கள்

 

கொஞ்சம் நீளமான பதிவு. வாகனம் வைத்திருப்பவர்களும், கராஜில் வேலை பழகும் பிள்ளைகளின் பெற்றோரும் தயவுசெய்து முழுவதும் வாசியுங்கள்.

நம் ஊரில் கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பெரும்பாலும் கதை இப்படித்தான் போகிறது. பாஸ் வருவார். சாவியைத் திருப்பச் சொல்வார். பின்பக்கம் காதை வைத்துக் கேட்பார். "சத்தமே இல்லை, பெற்றோல் பம்ப் போய்விட்டது" என்பார். அடுத்த நாள் பஞ்சிகாவத்தையிலிருந்து ஒரு பம்ப் பஸ்ஸில் வந்து இறங்கும். மாட்டுவார்கள். அதன் பிறகும் கார் ஸ்டார்ட் ஆகாது. அப்போதுதான் வயரிங் பாஸைக் கூப்பிடுவார்கள்.

சென்ற மழைக்காலத்தில் ஹயர் ஓடும் ஒரு குடும்பத்துக்கு இதே நடந்தது. புதுப் பம்புக்குக் காசு கொடுத்தார்கள். கூலி கொடுத்தார்கள். நான்கு நாள் ஹயர் போனது. கடைசியில் கோளாறு எங்கே இருந்தது தெரியுமா? பச்சை பிடித்துப்போன ஒரு எர்த் வயரில். சுரண்டித் துடைத்து இறுக்கியதும் வண்டி ஓடியது. கழற்றிய பழைய பம்பை நேரடியாகப் பற்றரியில் தொட்டுப் பார்த்தபோது அதுவும் சுற்றியது. புதுப் பம்பைக் கடை திரும்ப எடுக்கவில்லை. மின்சாமான் விற்றால் விற்றதுதான்.

இதை விதி என்று விட்டுவிட நாங்கள் தயாரில்லை. 1,000 ரூபா நாட்சம்பளத்துக்காக இந்த மலையகம் எத்தனை வருடம் தெருவில் நின்றது? 2021 இல்தான் அது வர்த்தமானியில் வந்தது. அப்படிச் சேர்த்த காசில் வாங்கிய பழைய ஆல்ட்டோ, பழைய வேகன் ஆர் இவை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு வழி திறந்தது. அந்த ஐந்து வருடமும் இருந்ததை வைத்தே ஓட்டினோம். வண்டிகளுக்கு வயது போய்விட்டது. அவற்றின் வயர்களுக்கும் வயது போய்விட்டது. நம் மூடுபனிக்கும் மழைக்கும் பிளக்குகள் பூப்பது புதினமா?

பம்ப் சுற்றாமல் இருக்க இரண்டே காரணம்தான். ஒன்று, பம்ப் செத்திருக்க வேண்டும். அல்லது பம்புக்குக் கரண்ட் வராமல் இருக்க வேண்டும். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் உடனே குழாயை மாற்றுவோமா? டாங்கியில் தண்ணீர் இருக்கிறதா, வால்வு திறந்திருக்கிறதா என்று பார்க்க மாட்டோமா?

கரண்ட் வரும் வழியும் பெரிய இரகசியம் இல்லை. பற்றரியிலிருந்து பியூஸ், பியூஸிலிருந்து ரிலே, ரிலேயிலிருந்து பின்னால் டாங்கிக்கு ஒரு வயர், அங்கிருந்து எர்த். ரிலேயை இயக்குவது கம்பியூட்டர் பெட்டி. இக்னிஷன் போட்டதும் பெரும்பாலான வண்டிகளில் இரண்டு மூன்று செக்கன் மட்டும் பம்புக்குக் கரண்ட் விடும். எஞ்சின் சுற்றுகிறது என்று சென்சர் சொன்னால்தான் தொடர்ந்து விடும்.

ஆகவே சோதனை இந்த வரிசையில் இருக்க வேண்டும்:

1. பியூஸ். கண்ணால் பார்த்தால் போதாது. டெஸ்ட் லாம்பை இரண்டு பக்கமும் வைத்துப் பார்க்க வேண்டும். பியூஸ் திரும்பத் திரும்ப எரிந்தால் ஷோட் இருக்கிறது, அல்லது பம்ப் இறுகிப் போய் அதிகம் இழுக்கிறது. அதற்காகப் பெரிய பியூஸோ சிகரட் பெட்டித் தாளோ வைப்பவர் உங்கள் வண்டிக்கு நெருப்பு வைக்கிறார்.

2. ரிலே. அதே இலக்கமுள்ள ஹோர்ன் ரிலே பக்கத்தில் இருந்தால் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சதம் செலவில்லை. "டிக்" என்று சத்தம் வந்தால் ரிலே நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். உள்ளே கரி பிடித்திருந்தாலும் சத்தம் வரும்.

3. பம்ப் பிளக். முடிவு இங்கேதான். ஒருவர் சாவியைத் திருப்ப, மற்றவர் பிளக்கில் ஒரு டெயில் லைட் பல்பை இரண்டு வயரால் தொட்டுப் பார்க்க வேண்டும். நன்றாக எரிந்தால் கரண்டும் எர்த்தும் சரி. அப்போது தாராளமாகப் பம்பைக் குறை சொல்லலாம். எரியாவிட்டால் அல்லது மங்கினால், குற்றவாளி வழியில் இருக்கிறார்.

ஏன் மீட்டர் மட்டும் போதாது? பிய்ந்துபோன வயரில் ஒரேயொரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும். பல்புக்குச் சுமை இருப்பதால் அதை ஏமாற்ற முடியாது. ஆனால் இந்தப் பல்பைக் கம்பியூட்டர் பெட்டியின் மெல்லிய வயர்களில் வைக்கக் கூடாது. பெற்றோல் மணக்கும் இடத்தில் பொறி பறக்கவும் விடக் கூடாது. டாங்கி மூடியைத் திறப்பதென்றால் பற்றரி வயரைக் கழற்றிவிட்டுத்தான் திறக்க வேண்டும்.

இன்னொன்று. பழைய வண்டிகளில் வெளியில் பூட்டிய செக்யூரிட்டி அலார்ம் இருக்கும். திருடன் ஓட்டாமல் இருக்கப் பம்ப் வயரையே வெட்டி, நடுவில் ஒரு சின்ன ரிலே வைத்து, டேப் சுற்றி டாஷ்போர்டுக்குள் திணித்திருப்பார்கள். திருடன் வரவில்லை. டேப் உரிந்தது, சொந்தக்காரன்தான் நடுவழியில் நின்றான். பாஸுக்கு முதலிலேயே சொல்லுங்கள், "அலார்ம் பூட்டிய வண்டி" என்று.

"பம்ப் போகவே போகாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். போகும். டென்ஸோ செய்த பம்புகளில் உள்ளிருக்கும் பிளாஸ்டிக் சக்கரம் ஊதிச் சிக்கியதால், 2020 இல் டொயோட்டா உலகம் முழுவதும் 50 இலட்சத்துக்கும் அதிகமான வாகனங்களைத் திருப்பி அழைத்தது. மறுப்பதற்கில்லை.

ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். 2014 இல் கிரைஸ்லர் கம்பனி 2011 மாடல் ஜீப் கிராண்ட் செரோக்கி, டொட்ஜ் டுராங்கோ வண்டிகளைத் திருப்பி அழைத்தது. அமெரிக்காவில் மட்டும் 1 இலட்சத்து 88 ஆயிரத்துக்கும் மேல். காரணம் பம்ப் அல்ல, பம்புக்குக் கரண்ட் கொடுக்கும் ரிலே. அவர்கள் பம்பை மாற்றவில்லை, வெளியே ஒரு புது ரிலே வைத்துக் கொடுத்தார்கள். நம் நாட்டில் இன்னும் ஓடும் பழைய ஹொண்டா சிவிக்கிலும் இந்த வியாதி உண்டு. மெயின் ரிலேக்குள் ஈயப் பற்று வெடித்திருக்கும். கொழும்பு வெயிலில் ஸ்டார்ட் ஆகாது. கொட்டகலைக்கு இழுத்து வந்தால் குளிரில் தானாக ஸ்டார்ட் ஆகும். அதற்கும் பம்ப் மாற்றியவர்கள் உண்டு.

"இவ்வளவு பார்க்க நேரம் ஏது?" என்பது அடுத்த வாதம். பல்பை வைக்கப் பத்து இருபது நிமிடம். டாங்கி இறக்க அரை நாள். எது நேரம் மிச்சம்? நேரம் இல்லை என்பவர் உண்மையில் சொல்வது வேறு: சோதனைக்குக் கூலி கேட்டால் நாம் கொடுப்பதில்லை. இதில் நியாயம் இருக்கிறது. சாமானுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கும் நாம், "சும்மா பார்த்ததுக்கு ஏன் காசு?" என்று பாஸிடம் சண்டை பிடிக்கிறோம். கோளாறைக் கண்டுபிடிப்பதுதான் தொழில். ஆணி கழற்றுவது அதற்குப் பிறகு. அந்த மூளைக்குக் கூலி கொடுங்கள். கொடுத்துவிட்டு, பல்பு எரிகிறதா என்று உங்கள் கண்ணால் பார்க்கக் கேளுங்கள். கழற்றிய பழைய சாமானையும் கையில் வாங்குங்கள்.

கராஜ்காரச் சகோதரர்களுக்கு: அடுத்தவர் வண்டி நம் கையில் அமானிதம். நிறுவையில் குறைப்பது பாவம் என்று தெரிந்த நமக்கு, தேவையில்லாத சாமானைத் தலையில் கட்டுவதும் அந்த வகைதான் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? தெரியாமல் செய்தால் கற்றுக்கொள்ளலாம். தெரிந்தே செய்தால் அந்தக் காசு வயிற்றில் தங்காது.

பெற்றோருக்கு: சாதாரண தரத்தில் சுற்று வரைந்து புள்ளி வாங்கிய நம் பிள்ளை, கராஜில் மூன்று வருடம் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தே காலத்தைப் போக்குகிறான். அவன் கையில் மீட்டரைக் கொடுக்கிறார்களா என்று கேளுங்கள். என்விகியூ சான்றிதழுக்கு வழி காட்டுகிறார்களா என்று கேளுங்கள். வரும் காலம் ஹைபிரிட், பற்றரி வண்டிகளின் காலம். கரண்டைத் தேடத் தெரியாதவனுக்கு அதில் வேலை இல்லை.

இனி "பம்ப் போய்விட்டது" என்று யாராவது சொன்னால் ஒரே கேள்விதான்: "பிளக்கில் பல்பு எரிந்ததா, பாஸ்?"

ஹயர் ஓடும் ஒருவருக்காவது இதைப் பகிருங்கள். அனுபவமுள்ள வயரிங் பாஸ்மார் கீழே எழுதுங்கள், எல்லோரும் படிக்கட்டும்.